ரிவர்ஸ் லைட்

வண்டி நம்பர் முதல் வளைவிலேயே கிடைத்துவிட்டது.
வேலப்பன் வாய்விட்டுப் படித்தான்.
கெப்புராஜ் உள்ளங்கையில் எழுதிக்கொண்டான்.
அங்கேயே நின்றிருக்கலாம்.
பூம்பாறையிலிருந்து கோடைக்கு ஒரே ரோடு,
ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம்,
நடுவில் வனத்துறை செக்போஸ்ட்,
அதில் குல்லாவுக்குள் தூங்கும் ஒரு கார்டு.
எங்கே போய்விடுவான்?

இதை இப்போது சொல்கிறேன்.
அப்போது என் கால் சொன்னது வேறு.

எட்டு மூட்டை பூண்டு.
பரணில் அடுக்கி, மூன்று மாதம் புகை போட்டு,
கண் எரிய எரிய இறங்கி ஏறி,
மகள் காலேஜ் ஃபீஸ் என்று மனதுக்குள் பேர் வைத்த பூண்டு.
கோபம் நியாயம்தான்.
அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.
ஆனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும்,
ஸ்டேஷனில் சொல்லாதது:
சந்தோஷமாக இருந்தது.
மஞ்சு ரோட்டில் இறங்கிக் கிடக்க
முன்னே இரண்டு சிவப்புப் புள்ளி,
அவ்வளவுதான் உலகம்.
வேலப்பன் டாஷ்போர்டைத் தட்டித் தட்டி
"விடாத, விடாத" என்றான்.
நாற்பத்தெட்டு வயதில்
ஒரு கையால் ஸ்டியரிங்கை ஒடித்தேன்.

"இந்நேரத்துல ரோட்டுல எவன் இருக்கப்போறான்?"

லூர்து இருந்தான்.
டிவிஎஸ்ஸில், பின்னால் பேக்கரி ட்ரே கட்டி,
எங்கள் ஊர் டீக்கடைகளுக்கு
தினம் நாலரைக்கு வருகிறவன்.
ஆம்னி அவனை ஒட்டி ஒதுங்கிப் போனது.
நான் ஒதுங்கவில்லை.

சத்தம் பெரிதாக இல்லை.
ஜீப்பின் இடது சக்கரம் வாய்க்காலில் இறங்கி நின்றது.
ஹெட்லைட்டில் ரோடெல்லாம் பன்,
ஒன்றிரண்டு இன்னும் உருண்டுகொண்டு.
லூர்துவின் கால்
முழங்காலுக்குக் கீழே வேறெங்கோ பார்த்தது.
கெப்புராஜ் போனைத் தலைக்கு மேல் தூக்கி
டவர் தேடினான்.
அவன் உள்ளங்கையில் அந்த நம்பர்.

அப்போதுதான் முன் வளைவில்
வெள்ளையாக ஒரு வெளிச்சம்.
ஆம்னி.
ரிவர்ஸில், இன்ஜின் கதற,
பள்ளத்துப் பக்கம் டயர் கல்லைத் தள்ள,
பின்னோக்கி வந்துகொண்டிருந்தது.

இறங்கியவனுக்கு இருபத்திரண்டு இருக்கும்.
வேலப்பன் கையிலிருந்த ஜாக்கி லிவரைப் பார்த்தான்.
பார்த்துவிட்டு,
"தலைய நான் பிடிக்கிறேன்" என்றான்.
மூன்று மூட்டையை
அவனும் நானுமாக ரோட்டோரம் இறக்கினோம்.
மிச்ச மூட்டைகளின் மேல் லூர்துவைக் கிடத்தினோம்.
பிறகு அதே ரோடு, அதே வண்டி, அதே வேகம்,
இப்போது நான் உள்ளே,
லூர்துவின் தலை என் மடியில்.
செக்போஸ்ட்டில் கார்டு
எதுவும் கேட்காமல் கம்பைத் தூக்கினார்.

ஆஸ்பத்திரி முழுக்கப் பூண்டு வாடை.
நர்ஸ் மூக்கைச் சுளித்தபடி ரெஜிஸ்டரை நீட்டினாள்,
கொண்டுவந்தது யார்?
நான் சட்டைப் பையில் பேனாவைத் தேடினேன்,
ரொம்ப நேரம்.
அவன் எழுதினான்:
சிவனாண்டி, அப்பா பேர், ஊர், செல் நம்பர்.
எல்லாம் உண்மைதானாம்.
போலீஸ் சொல்லித் தெரிந்தது.

ஒரே மேசையில் இரண்டு கேஸ்.
திருட்டு அவன் மேல், கால் என் மேல்.
ஊரில் எனக்குச் சால்வை போடப் பார்த்தார்கள்.
பூண்டு திரும்பி வந்தது, ஒரு மூட்டை குறைய.
லூர்துவுக்குப் பதில் இப்போது
அவன் தம்பி பன் கொண்டுவருகிறான்.
என் முகத்தைப் பார்ப்பதில்லை.

போன வாரம் ராத்திரி
வேலப்பன் மறுபடி கதவைத் தட்டினான்.
யாருடையதோ ஆடு, வெள்ளை பிக்கப்.
"சாவிய எடு."
நம்பர் பாத்தியா?
"பாத்தேன்."
பேனாவும் பால் கணக்கு நோட்டும் கொடுத்தேன்.
அவன் எழுதவில்லை.
கோழை என்று சொல்லவுமில்லை,
நோட்டை என் கையில் வைத்துவிட்டு இறங்கிப் போனான்.

கொஞ்ச நேரத்தில்
வேறு யாருடைய ஜீப்போ உறுமிக் கிளம்பியது.
மணி பார்த்தேன்.
நாலு இருபது.